கதிர் பாயும் நிமிடங்களும் காத்திருக்கும் நாட்களும்

1951ஆம் ஆண்டு அக்டோபர் 27. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் லண்டன் என்று ஒரு நகரம் உண்டு. அங்குள்ள விக்டோரியா மருத்துவமனையில் அன்று ஒரு புற்றுநோயாளிக்குக் கோபால்ட்-60 கருவியால் கதிர்வீச்சு சிகிச்சை தரப்பட்டது. உலகில் இத்தகைய சிகிச்சை அதுவே முதல் முறை. அதுவரை பயன்பட்ட எக்ஸ் கதிர்க் கருவிகள் தோலைச் சுட்ட அளவுக்கு உள்ளே இருந்த கட்டியைத் தாக்கவில்லை. கோபால்ட் உமிழ்ந்த காமா கதிரோ தோலைப் பெரிதாகப் புண்ணாக்காமல் உடலின் ஆழம்வரை சென்றது. அடுத்த சில பத்தாண்டுகளில் கோபால்ட் மெஷின் உலகம் முழுவதும் பரவியது.

ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து அதே நகரத்தின் புற்றுநோய் மையத்தில் இன்னொரு சோதனை நடந்தது. புதிய கருவி எதுவும் அதில் இல்லை. புதிய கதிரோ மருந்தோ இல்லை. வலியோடு வரும் நோயாளி மருத்துவமனையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தைக் குறைத்தால் சிகிச்சையின் தரம் கெடுமா என்பதே அங்கே ஆராயப்பட்டது.

முற்றிய புற்றுநோயில் கதிர்வீச்சு பெரும்பாலும் வலியைத் தணிப்பதற்காகத் தரப்படுகிறது. நம் ஊர்களில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லப்படும் அந்தச் சிகிச்சையில் கதிர் உடலில் பாய்வது சில நிமிடங்கள்தான். அதற்கு முன்னால் ஸ்கேன், வரைதல், கணக்கு, சரிபார்ப்பு என்று ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. பல இடங்களில் இந்த வரிசையைக் கடக்க நாட்கள் ஆகின்றன, சில இடங்களில் வாரங்களே ஆகின்றன. மீந்திருக்கும் வாழ்நாளை வாரங்களில் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இந்தத் தாமதமும் நோயின் ஒரு பகுதிதான். அதைக் குறைக்க வழி இருக்கிறது என்பதைக் கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எலும்புக்குள் நடப்பது என்ன?

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவும் இயல்பு கொண்டவை. மார்பகப் புற்றுநோயோ புராஸ்டேட் புற்றுநோயோ முற்றிய நிலையில் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு எலும்பிலும் நோய் இருக்கும். முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடையெலும்பின் மேல்முனை ஆகியவையே அது அதிகம் தங்கும் இடங்கள்.

ஏன் எலும்பு? 1889இல் இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார். நோய் கண்ட இடத்துக்கெல்லாம் பரவவில்லை, சில உறுப்புகளையே தேடிப் போயிருந்தது. விதை எங்கும் விழலாம், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்று அவர் விளக்கினார். அந்த விளக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது.

நம் எலும்பு ஓயாமல் கரைந்து, மீண்டும் உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு திசு. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. புற்றுநோய் செல்கள் எலும்பு மஜ்ஜைக்குள் புகுந்ததும் இந்தச் சமநிலை குலைகிறது. அவை அனுப்பும் வேதிச் சமிக்ஞைகளால் ஆஸ்டியோகிளாஸ்ட்கள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. எலும்பைக் கரைக்க அவை சுரக்கும் அமிலம் அருகிலுள்ள நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. கரைந்த எலும்பிலிருந்து வெளிப்படும் வளர்ச்சிக் காரணிகளோ புற்றுநோய் செல்களுக்கே தீனியாகின்றன. எலும்பைப் போர்த்தியிருக்கும் பெரியாஸ்டியம் என்ற மெல்லிய உறை முழுக்க நரம்புகள். உள்ளிருந்து கட்டி அதை அழுத்தும்போது வலி இன்னும் கூடுகிறது.

இப்படி வரும் வலி இரண்டு வகை. ஒன்று, இரவில் கூடி, தூக்கத்தைக் கெடுத்து, விடாமல் இருக்கும் வலி. மற்றொன்று, புரண்டு படுத்தாலோ எழுந்து நின்றாலோ இருமினாலோ வெட்டி இழுக்கும் வலி. முதல் வகையை மார்ஃபின் ஓரளவு அடக்கிவிடும். இரண்டாவது சில நொடிகளில் உச்சத்துக்குப் போய்விடுவதால் மாத்திரை வேலை செய்வதற்குள் வலி வந்து போய்விடுகிறது. அதற்கு ஏற்றபடி மார்ஃபினைக் கூட்டினால் நோயாளி நாள் முழுக்க மயக்கத்தில் கிடக்க நேரிடும். கதிர்வீச்சு இங்கேதான் பெரிதும் உதவுகிறது.

கதிர்வீச்சின் அளவை கிரே என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது ஒரு கிரே. எலும்பு வலிக்கு வழக்கமாகத் தரப்படும் ஒற்றைத் தவணை 8 கிரே. வெப்பமாகக் கணக்கிட்டால் அந்த ஆற்றல் ஒரு கிலோ தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரியில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்குதான் உயர்த்தும். ஆகவே கட்டி வெந்துபோவதால் வலி குறைவதில்லை. கதிர், செல்லுக்குள் இருக்கும் மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிந்து டி.என்.ஏ. இழைகளை உடைக்கிறது. அதனால் புற்றுநோய் செல்கள் மடிகின்றன.

அது மட்டுமே காரணமாக இருக்கவும் முடியாது. சிலருக்குக் கட்டி சுருங்க வாய்ப்பே இல்லாத ஓரிரு நாட்களுக்குள் வலி இறங்கிவிடுகிறது. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட்களும் அழற்சியைத் தூண்டும் செல்களும் கதிரால் அடங்குவதே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பலன் முழுதாகத் தெரிய மூன்று நான்கு வாரங்கள் ஆகும்.

இந்த மூன்று நான்கு வாரங்கள்தான் திட்டமிடும் வேகத்தை முக்கியமாக்குகின்றன. சிகிச்சை தொடங்க இரண்டு வாரம் தள்ளிப்போனால் நிம்மதி கிடைக்க ஒன்றரை மாதம் ஆகிவிடும். அந்த ஒன்றரை மாதம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

ஒரு சிட்டிங்கா, பத்து சிட்டிங்கா?

முதலில் தீர்க்க வேண்டியிருந்தது வேறொரு கேள்வி. வலிக்கு எத்தனை தவணை கதிர் தேவை? பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருந்தது பத்துத் தவணைகளில் 30 கிரே. அதாவது இரண்டு வாரம், தினமும் மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும்.

நெதர்லாந்தில் 1,171 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஒரே தவணையில் 8 கிரே, மற்றவர்களுக்கு ஆறு தவணைகளில் 24 கிரே. 1999இல் முடிவு வெளியானது. இரு பிரிவிலும் 71 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது. 2005இல் அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு வந்தது. மார்பக, புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய 898 பேரில் ஒற்றைத் தவணை 8 கிரேயும் பத்துத் தவணை 30 கிரேயும் ஒப்பிடப்பட்டன. மூன்று மாதம் கழித்து முதல் பிரிவில் 65 சதவீதம், இரண்டாம் பிரிவில் 66 சதவீதம் பேருக்கு நிவாரணம். வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற உடனடிப் பக்கவிளைவுகள் ஒற்றைத் தவணையில்தான் குறைவு.

டொரண்டோவின் கதிர்வீச்சு மருத்துவர் எட்வர்ட் சௌவும் அவருடைய குழுவினரும் 2012இல் இத்தகைய 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒற்றைத் தவணையில் 60 சதவீதம், பல தவணைகளில் 61 சதவீதம் பேருக்குப் பலன். வலி முற்றிலும் நீங்கியவர்கள் முறையே 23, 24 சதவீதம். ஒரே ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஒற்றைத் தவணை பெற்றவர்களில் 20 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் மறுபடியும் சிகிச்சை தேவைப்பட்டது. பல தவணை பெற்றவர்களில் அது 8 சதவீதம். நீண்ட காலம் வாழ வாய்ப்புள்ளவருக்கு இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது. சில மாதங்களே எதிர்பார்க்கப்படும் ஒருவருக்கு, ஒன்பது முறை அலையாமல் இருப்பது அதைவிடப் பெரிது.

இவ்வளவு ஆதாரம் இருந்தும் நீண்ட தவணைகள் பல நாடுகளில் தொடர்ந்தன. பழக்கம் ஒரு காரணம். தவணைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் முறையும் காரணம். 2013இல் அமெரிக்கக் கதிர்வீச்சு மருத்துவர்களின் சங்கமே, எலும்பு வலிக்குப் பத்துக்கு மேற்பட்ட தவணைகளை வழக்கமாகத் தர வேண்டாம் என்று தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பழக்கத்தின் விலையைக் காட்டியது. கதிர்வீச்சுக்கு அனுப்பப்பட்டு 30 நாட்களுக்குள் இறந்துபோனவர்களில் பாதிப் பேர், மீந்திருந்த வாழ்நாளில் 60 சதவீதத்துக்கும் மேல் சிகிச்சையிலேயே கழித்திருந்தார்கள்.

தவணை ஒன்றாகிவிட்டது. ஆனாலும் அந்த ஒரு தவணைக்கு முன்னால் நாட்கள் கழிந்துகொண்டேயிருந்தன.

நாட்கள் எங்கே போகின்றன?

இடுப்பெலும்பில் வலியோடு வரும் ஒருவரின் பாதையைக் கவனித்தால் இது விளங்கும்.

முதலில் மருத்துவருடன் சந்திப்பு. அடுத்து, சிமுலேஷன் என்ற திட்டமிடல் ஸ்கேனுக்கு ஒரு நாள் குறித்துத் தருகிறார்கள். அந்த நாளில் அவரைக் கெட்டியான, தட்டையான ஒரு பலகை மேல் மல்லாக்கப் படுக்கவைக்கிறார்கள். சிகிச்சை மெஷினின் பலகையும் தட்டையானது என்பதால் ஸ்கேனும் அப்படியே எடுக்க வேண்டும். எலும்பு அரித்துப்போயிருக்கும் ஒருவருக்கு இந்தப் பலகையில் அசையாமல் கிடப்பது பெரிய வதை. முழங்காலுக்கு அடியில் ஒரு தாங்கி வைக்கிறார்கள். சுவர்களிலும் கூரையிலும் உள்ள லேசர்கள் உடலின் மேல் மெல்லிய ஒளிக்கோடுகளை வரைகின்றன. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில், ஊசியில் தொட்ட மையால் டெக்னீஷியன் கடுகளவு புள்ளிகளைப் பச்சை குத்துகிறார். வயிற்றில் ஒன்று, இரு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று. சிகிச்சை நாளில் உடலை இதே நிலையில் மறுபடியும் கிடத்த இந்தப் புள்ளிகளே அடையாளம். அதன்பின் சி.டி. ஸ்கேன். சில நிமிட வேலை. நோயாளி வீட்டுக்குப் போய்விடலாம்.

இனி நடப்பவை அவர் கண்ணில் படாதவை. ஸ்கேன் படங்கள் திட்டமிடும் கணினிக்குப் போகின்றன. மில்லிமீட்டர் கணக்கில் வெட்டப்பட்ட ஒவ்வொரு படத்திலும் கதிர் பட வேண்டிய பகுதியை மருத்துவர் வரைகிறார். தண்டுவடம், சிறுநீரகம், குடல் என்று காப்பாற்ற வேண்டியவற்றையும் குறிக்கிறார். எந்தக் கோணங்களிலிருந்து, எவ்வளவு அகலத்தில், எவ்வளவு நேரம் கதிரைச் செலுத்துவது என்பது அடுத்த கணக்கு. வழக்கமான 6 மெகாவோல்ட் கதிர், தோலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே உச்ச அளவை எட்டி, பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே ஆளின் பருமனும் எலும்பு இருக்கும் ஆழமும் துல்லியமாகத் தெரிய வேண்டும். இப்படித் தயாராகும் பிளானை மருத்துவர் ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவ இயற்பியலாளர் தனியாக ஒரு முறை கணக்கிட்டுச் சரிபார்க்க வேண்டும். அதன்பிறகு மெஷினில் காலியிடம் கிடைக்க வேண்டும்.

இந்த வேலைகள் ஒவ்வொன்றும் தேவையானவை. சேர்த்துப் பார்த்தால் சில மணி நேரம்தான் ஆகும். ஆனால் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும் இடைவெளியில் பிளான் காத்துக்கிடக்கிறது. குணப்படுத்தும் நோக்கத்தோடு ஏழு வாரம் சிகிச்சை பெறப்போகும் நோயாளியின் சிக்கலான பிளானும், ஒரே தவணைக்கான எளிய பிளானும் ஒரே வரிசையில் நிற்கின்றன. தாமதத்தில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

ஒரே நாளில் எல்லாம்

இதை முதலில் நிர்வாகச் சிக்கலாகக் கண்டு தீர்க்க முனைந்தவர்களில் டொரண்டோ மருத்துவர்கள் முக்கியமானவர்கள். அங்குள்ள சன்னிபுரூக் புற்றுநோய் மையத்தில் 1996இல் விரைவுக் கதிர்வீச்சுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். வலியைத் தணிக்க மட்டும் கதிர்வீச்சு தேவைப்படுபவர்களுக்கெனத் தனி கிளினிக். மருத்துவரைப் பார்ப்பது, ஸ்கேன், பிளான், சிகிச்சை எல்லாவற்றையும் கூடுமானவரை ஒரே நாளில் முடிப்பதே அதன் இலக்கு.

இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இந்த நோயாளிகளுக்கென ஸ்கேன் நேரத்தையும் மெஷின் நேரத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிவைத்தார்கள். எளிய பிளான்கள் நீண்ட வரிசையிலிருந்து விலக்கப்பட்டன. காலையில் சக்கர நாற்காலியில் வந்தவர் மாலையில் சிகிச்சை முடிந்து வீடு திரும்ப முடிந்தது.

ஒரே வகை வலியோடு பலரும் ஓரிடத்துக்கு வந்ததால் ஆய்வுகளும் பெருகின. முன்பு கதிர் பட்ட இடத்திலேயே வலி திரும்பினால் மறுபடியும் தரலாமா? கனடா முன்னின்று நடத்திய, 850 பேர் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வு, தரலாம், அப்போதும் 8 கிரே ஒற்றைத் தவணை போதிய பலன் தரக்கூடியது என்று 2014இல் கூறியது. கதிர் பட்ட முதல் சில நாட்களில் சிலருக்கு வலி தற்காலிகமாகக் கூடும். 298 பேரிடம் நடந்த மற்றொரு ஆய்வில், டெக்ஸாமெதசோன் மாத்திரையைச் சில நாட்கள் எடுத்துக்கொண்டவர்களிடம் இந்தத் தொல்லை 35 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாகக் குறைந்தது. இரண்டு ஆய்வுகளுக்கும் தலைமை ஏற்றவர் எட்வர்ட் சௌ.

கையில் இருக்கும் ஸ்கேனே போதாதா?

டொரண்டோ முறையிலும் நோயாளி ஒரு நாள் முழுக்க மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். அவரிடம் ஏற்கெனவே ஒரு சி.டி. ஸ்கேன் இருக்கும். எலும்புக்கு நோய் பரவியதைக் காட்டிக்கொடுத்ததே அந்த ஸ்கேன்தான். பிளானுக்கென்று இன்னொன்று எதற்கு?

காரணங்கள் இருக்கத்தான் செய்கின்றன. நோயறிய எடுக்கும் ஸ்கேனில் படுக்கை சற்றுக் குழிந்திருக்கும். அதில் படுக்கும்போது முதுகின் வடிவம் கொஞ்சம் மாறும். சில படங்களில் உடலின் ஓரம் விளிம்போடு வெட்டுப்பட்டுப் போயிருக்கும். ஓரம் தெரியாமல் கதிரின் அளவைக் கணக்கிட முடியாது. ரத்தக்குழாயில் ஏற்றிய சாய மருந்து திசுக்களை உள்ளதைவிட அடர்த்தியாகக் காட்டும். ஸ்கேன் எடுத்தபின் நோய் வளர்ந்திருக்கலாம்.

மூளைக்கு மிக அருகில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பாமல் கதிரைச் செலுத்த வேண்டியவருக்கு இவை பெரும் தடைகள். இடுப்பெலும்பில் ஓர் அகலமான பகுதிக்கு 8 கிரே தருவதற்கு அப்படியல்ல. அங்கே சில மில்லிமீட்டர் வேறுபாட்டுக்கு ஏற்கெனவே இடம் விட்டுத்தான் பிளான் போடுகிறார்கள். மேலும், லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற இன்றைய சிகிச்சை மெஷின்களில் ஸ்கேன் வசதி உடனிணைந்தே வருகிறது. நோயாளி சிகிச்சைப் பலகையில் படுத்ததும் மெஷின் அவரை ஒரு முறை சுற்றிவந்து கோன் பீம் சி.டி. படம் எடுக்கும். பழைய ஸ்கேனோடு அதைப் பொருத்தி, பலகையை நகர்த்தி, எலும்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரலாம். பச்சை குத்திய புள்ளிகளுக்கே தேவை குறைந்துவிடுகிறது.

ஒன்டாரியோவின் லண்டன் நகரத்தில் நடந்த டார்ட் ஆய்வு இதைத்தான் சோதித்தது. 33 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிமுலேஷன். மற்றப் பிரிவுக்கு, முன்பே எடுத்திருந்த ஸ்கேனை வைத்தே பிளான் போடப்பட்டது. நோயாளி நேரே சிகிச்சைக்கு வந்தால் போதும். வழக்கமான முறையில் மையத்தில் கழிந்த நேரம் ஏறத்தாழ ஐந்து மணி. புதிய முறையில் அது ஒரு மணிக்கும் குறைவு. பழைய ஸ்கேனில் போட்ட பிளான்களும் சிகிச்சைக்கு ஏற்றவையாகவே இருந்தன. நேரம் ஒரு சுமையாக இருந்தது என்று சொன்னவர்களும் புதிய பிரிவில் குறைவு. 33 என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் நேர வேறுபாடு அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஃபாஸ்ட்-மெட்ஸ் ஆய்வு இன்னும் ஒரு படி முன்னே போனது. முந்தைய ஸ்கேனில் ஒரு முதற்கட்ட பிளானைத் தயாராக வைத்துக்கொண்டார்கள். நோயாளி சிகிச்சைப் பலகையில் படுத்தபின் எடுத்த கோன் பீம் படத்துக்கு ஏற்ப, அங்கேயே கணினி அந்தப் பிளானைத் திருத்தி எழுதியது. திருத்தத்தை மருத்துவக் குழு பார்த்து ஒப்புக்கொண்டதும் கதிர் செலுத்தப்பட்டது. அவர் உடல் அன்று எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கே உரிய பிளான், அவர் பலகையை விட்டு எழுவதற்குள் தயாராகிவிடுகிறது.

முள்ளெலும்பை எண்ணும் கணினி

வேகம் கூடும்போது தவறும் கூடலாம். முதுகெலும்பில் அந்தத் தவறு எப்படி நேரும் என்பதைப் பார்ப்போம். நம் முதுகெலும்பு முள்ளெலும்புகளின் அடுக்கு. கழுத்தில் ஏழு, மார்பில் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து. நோய் பத்தாவது மார்பு முள்ளெலும்பில் என்று அறிக்கை சொன்னால் திட்டமிடுபவர் அதை எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். பார்வைக்கு அவை ஒன்றுபோலவே இருக்கும். போதாக்குறைக்குச் சிலருக்கு இடுப்பில் நான்கோ ஆறோ இருக்கும். கீழிருந்து எண்ணினால் ஒரு விடை, மேலிருந்து எண்ணினால் வேறு விடை. ஒன்று தள்ளிப்போனால் வலிக்கும் எலும்பு தப்பிவிடும், நல்ல எலும்புக்குக் கதிர் போய்விடும். மேலும் கீழும் ஒரு முள்ளெலும்பைச் சேர்த்துக் கதிர் தரும் பழைய வழக்கத்துக்கு இந்தப் பயமும் ஒரு நியாயம்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் டக்கர் நெதர்டனும் சகாக்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணும் வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தது. ஸ்கேனைப் பார்த்துக் கணினி ஒவ்வொரு முள்ளெலும்பையும் அடையாளம் கண்டு, எண்ணிட்டு, எல்லை வரைந்து, பிளானையும் போட்டுத் தருகிறது. அதை நம்பி விட்டுவிடாமல், முள்ளெலும்பின் எண் சரியா என்று தனியாகச் சோதிக்கும் இரண்டாம் முறையையும் சேர்த்தார்கள். இரண்டும் முரண்பட்டால் மனிதர் கவனிக்க வேண்டும் என்று பொருள். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனை உருவாக்கி இலவசமாக வெளியிட்ட டோட்டல்செக்மென்டேட்டர் என்ற மென்பொருளும் இத்துறைக்குப் பெரிய உதவி. 1,204 ஸ்கேன்களில் பயிற்சியும் சோதனையும் செய்யப்பட்ட அதன் முதல் வடிவம், ஒவ்வொரு முள்ளெலும்பும் உட்பட உடலின் 104 பகுதிகளைத் தானாகவே வரைந்து காட்டியது.

ஹூஸ்டன் மையத்தின் லாரன்ஸ் கோர்ட் தலைமையிலான குழு, தென்னாப்பிரிக்க மருத்துவமனைகளோடு சேர்ந்து, ஆள் பற்றாக்குறை உள்ள நாடுகளுக்காகத் தானியங்கித் திட்டமிடல் மென்பொருளை உருவாக்கிவருகிறது. மெஷின் வாங்குவதைவிட, அதை இயக்கத் தேர்ந்த இயற்பியலாளர்களையும் மருத்துவர்களையும் உருவாக்குவதற்குத்தான் அதிக ஆண்டுகள் ஆகின்றன. ஒருவர் வரையும் வேலையைக் கணினி செய்து, அவர் சரிபார்த்தால் போதும் என்ற நிலை வந்தால் அதே ஆட்களைக்கொண்டு கூடுதல் நோயாளிகளைக் கவனிக்க முடியும்.

வேகம் எங்கே போதாது?

எல்லா எலும்பு வலிக்கும் ஒரே நாள், ஒரே தவணை என்று சொல்லிவிட முடியாது. முதுகெலும்பில் சிறு பகுதிக்கு மட்டும் மிகத் துல்லியமாக அதிகக் கதிர் தரும் ஸ்டீரியோடாக்டிக் முறையைக் கனடா, ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 229 பேரிடம் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு தவணைகளில் 24 கிரே பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் வலி முற்றிலும் நீங்கியிருந்தது. வழக்கமான முறையில் ஐந்து தவணைகளில் 20 கிரே பெற்றவர்களில் அது 14 சதவீதம். இந்தத் துல்லியத்துக்குச் சிறப்பு ஸ்கேன், நுணுக்கமான வரைதல், கூடுதல் சரிபார்ப்பு எல்லாம் தேவை. நீண்ட நாள் வாழ வாய்ப்புள்ளவருக்கு அந்தக் காத்திருப்பு பலன் தரும். தொடையெலும்பு முறியும் நிலையில் இருந்தால் முதலில் எலும்பு மருத்துவர் உள்ளே கம்பி வைத்துத் தாங்குவது நல்லது.

மறுபுறம், ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. முள்ளெலும்பிலிருந்து வளர்ந்த கட்டி தண்டுவடத்தை நசுக்கத் தொடங்கினால் கால்கள் செயலிழக்கும். நடை ஒருமுறை நின்றுபோனால் பலருக்கு அது திரும்புவதில்லை. சிலருக்கு அவசர அறுவை சிகிச்சையே முதலில் தேவைப்படும். அறுவைக்கு ஏற்ற நிலையில் இல்லாதவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கப்பட வேண்டும் என்று பிரிட்டன் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

ஆகவே புற்றுநோய் உள்ள ஒருவருக்குப் புதிதாக முதுகுவலி வந்து, கால்கள் தளர்ந்தாலோ மரத்துப்போனாலோ சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த செக்கப் வரை பொறுத்துப் பார்ப்பது கூடாது.

இத்தகைய அறிகுறிகள் இல்லாமல் எலும்பு வலியோடு ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்த வலிக்குக் கதிர்வீச்சு உதவுமா? ஒரே சிட்டிங்கில் முடிக்க முடியுமா? ஏற்கெனவே எடுத்த ஸ்கேனைப் பிளானுக்குப் பயன்படுத்த முடியுமா? முடியாதென்றால், ஸ்கேனையும் சிகிச்சையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள முடியுமா? பலன் தெரியும்வரை மார்ஃபினை நிறுத்த வேண்டியதில்லை. கைவசமுள்ள எல்லா ஸ்கேன்களையும், அறிக்கையோடு மட்டுமன்றிப் படங்கள் அடங்கிய சி.டி. தட்டோடும் எடுத்துச் செல்லுங்கள். எல்லா மையங்களிலும் எல்லா வசதியும் இருக்காது. சில கேள்விகளுக்கு இல்லை என்ற பதிலும் வரலாம். ஆனாலும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.